வெறும் போசி

ஞானாபரணத்துக்கு மண்ணைத் தெரியும். பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில், மண் பரிசோதனைக் கூடத்திலேயே தலை நரைத்தவர். எந்த ஊர் மண்ணானாலும் ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, இதன் மேல் மூன்று மாடி நிற்கும், இதன் மேல் கோழிக்கூண்டு கட்டினாலும் விரிசல் விடும் என்று சொல்லிவிடுவார். மனிதர்களிடம் அந்தப் பரிசோதனையெல்லாம் வைத்துக்கொள்ள மாட்டார். யார் எதைச் சொன்னாலும் முதலில் "சரிங்க" என்பார். அப்புறம்தான் என்ன சொன்னார்கள் என்று யோசிப்பார்.

அந்த வழக்கத்தால்தான் ஐம்பது வயதை நெருங்கும்போது கம்ப்யூட்டர் வாத்தியார் ஆனார்.

சிவில் படிக்க ஆள் வருவது நின்றுபோயிற்று. கடைசியாகச் சேர்ந்தவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம் போலிருந்தது. கம்ப்யூட்டர் துறையிலோ வகுப்புக்கு மேல் வகுப்பு திறந்தும் இடம் போதவில்லை. ஒரு நாள் முதல்வர் அவரைக் கூப்பிட்டு அனுப்பி, காபி வரவழைத்தார். அந்தக் கல்லூரியில் காபி கொடுத்துச் சொல்லப்பட்ட செய்தி எதுவும் நல்ல செய்தியாக இருந்ததில்லை.

"உங்களை உடறதுக்கு எனக்கு மனசில்லீங்க ஞானாபரணம்" என்றார் முதல்வர். "கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்ல முதல் வருசப் பசங்களுக்கு ஒரு பேப்பர் இருக்குதுங்க. நிரலாக்க அமைப்புகள், ஒரு அறிமுகம். அதை ஒரு செமஸ்டர் எடுங்க. கடைசியில மூணு பேர் குழு வந்து, பசங்க செஞ்ச புராஜெக்ட்டைப் பாக்கும். அது நல்லா ஓடுச்சுன்னா நீங்க அந்த டிபார்ட்மென்ட்லயே இருந்துக்கலாம்."

"ஓடலைன்னாங்க?"

"காபி ஆறிப்போகுது பாருங்க" என்றார் முதல்வர்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார் ஞானாபரணம். மகள் ரெபேக்கா பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். வீட்டுக்கடன் இன்னும் முடியவில்லை. பஸ் ஸ்டாப் வரை வந்த பிறகுதான், தாம் எதற்குச் சரி சொன்னோம் என்பது முழுதாக உறைத்தது.

அடுத்த இரண்டு மாதம் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. மடிக்கணினியும் புத்தகங்களுமாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பிழை, பிழை என்று திரை சொல்லும்போதெல்லாம், திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தட்டுவார். மனைவி விமலாராணி ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்பவர், காங்கேயத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "என்னுங்க, அது உங்களைத் திட்டுதா, நீங்க அதைத் திட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். கிண்டல் செய்தாரே தவிர, புத்தகத்தை ஒரு நாளும் நகர்த்தி வைத்ததில்லை.

அந்த வீட்டில் இடம் அடைத்துக்கொண்டிருந்தது புத்தகம் மட்டுமல்ல. சமையலறையில் ஒரு அலமாரி முழுக்க அக்கம்பக்கத்து வீட்டுப் பாத்திரங்கள். தூக்குப்போசி, சம்படம், மூடி போட்ட டப்பா, குழிக்கரண்டியோடு வந்த கிண்ணம். பாதிக்கு மேல் எதிர்வீட்டுப் பொற்கொடியுடையவை. பொற்கொடிக்குக் கொஞ்சமாகச் சமைக்கக் கை வராது. வாரம் தவறாமல் ஏதாவது ஒன்று சாலையைக் கடந்து வந்துவிடும். நாட்டுக்கோழிக் குழம்பு, பச்சைப்பயிறுக் கடைசல், பண்டிகை என்றால் கச்சாயம். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது கொங்கு நாட்டில் யார் வீட்டிலும் கிடையாது. இரண்டு பழமோ ஒரு பிடி சர்க்கரையோ வைத்துத்தான் கொடுப்பார்கள். விமலாராணியும் அப்படிக் கொடுத்துவிடத் தயார்தான். விடாதவர் ஞானாபரணம்.

"அவங்க கோழி அடிச்சுக் குடுத்து உட்டிருக்காங்க. நீ ரெண்டு வாழப்பழம் வெச்சுக் குடுப்பியா ராணி? ஈடா ஒண்ணு செய்யற அன்னைக்குக் குடுத்துக்கலாம்."

ஈடாகச் செய்கிற அன்று வருவதற்குள் இன்னொரு பாத்திரம் வந்துவிடும். அலமாரி இப்படித்தான் நிறைந்தது.

அவர் கஞ்சத்தனத்தில் அப்படிச் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அலமாரியின் மேல்தட்டில், மற்றவற்றோடு சேராமல், ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி தனியாக இருந்தது. அதன் மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: பத்மாவதி.

ஞானாபரணத்தின் அப்பாவும் அம்மாவும் தாராபுரத்துக்கு வெளியே பண்ணைகளில் கூலி வேலை செய்தவர்கள். வேலை முடிந்து சோறு கொடுத்தால், அம்மா தன் வீட்டு அலுமினியச் சட்டியை நீட்ட வேண்டும், அதில் எட்ட நின்று ஊற்றுவார்கள். அந்த வீடுகளின் பாத்திரம் ஒன்று இவர்கள் கைக்கு வந்ததே இல்லை. பையன் படிப்புக்காக அவர்கள் தாராபுரம் டவுனில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிவந்தபோது, பக்கத்து வீட்டில் பத்மாவதி என்ற பள்ளிக்கூட டீச்சர் இருந்தார். ஒரு நாள் அந்த டீச்சர் தன் வீட்டுத் தூக்குப்போசியிலேயே பாயசம் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, போசியை அப்புறமாகக் கொடுங்கள் என்று சாதாரணமாகச் சொல்லிப் போனார். பாயசத்தைப் பிள்ளைகள் குடித்தார்கள். அம்மா போசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதை வெறுமனே கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. டீச்சர் கொடுத்ததற்கு ஈடாக, நெய் விட்டு ஏதாவது செய்து நிறைத்துக் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தார். அரிசி இருக்கும், வெல்லம் இருக்காது. வெல்லம் வாங்கினால் நெய் இருக்காது. எல்லாம் சேர்ந்த அன்று செய்து, போசியை நிறைத்துக்கொண்டு போனபோது பக்கத்து வீடு பூட்டியிருந்தது. டீச்சருக்கு மாறுதல் வந்து போய்விட்டார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா அந்தப் பூட்டின் முன்னால் நின்று அழுததை ஞானாபரணம் பார்த்தார். அதற்குப் பிறகு கடைசி வரை அம்மா அந்தப் போசியில் எதையும் வைத்ததில்லை. அது நம்முடையது இல்லையே கண்ணு என்பார்.

ஆக, இப்படிப்பட்ட ஒருவர் கையில்தான் அந்தப் பாடம் வந்து சேர்ந்தது.

அந்தப் பாடத்தில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு நிரல் ஓடும்போது, எதையாவது வைத்துக்கொள்ள நினைவகத்தில் இடம் வேண்டுமானால் அமைப்பிடம் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கேட்கிற கட்டளை யாருக்கும் மறக்காது, திருப்புகிற கட்டளைதான் மறக்கும். கம்ப்யூட்டர் துறைத்தலைவர் ஹாரிகா முப்பது வயதைத் தாண்டிய சூட்டிகையான பெண், கோவையிலேயே பிறந்து வளர்ந்த தெலுங்குக் குடும்பம். "இந்த ஒரு பாடத்தைப் புரிய வெச்சீங்கன்னா போதுமுங்க சார், மிச்சமெல்லாம் தானா வந்துரும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

ஞானாபரணம் வகுப்புக்கு ஒரு தூக்குப்போசியோடு போனார்.

"பக்கத்து ஊட்டுல இருந்து குழம்பு வருது. போசி யாருது?"

"அவங்களுதுங்க சார்."

"குழம்பு ஊத்தித் தின்னாச்சு. போசியை என்ன பண்ணோணும்?"

"திருப்பிக் குடுக்கோணுமுங்க சார்" என்றது வகுப்பு ஒட்டுக்காக.

"அவ்வளவுதானுங்க பாடம்" என்றார். அவ்வளவுதான், பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. காங்கேயம், தாராபுரம், பல்லடம், பொள்ளாச்சி என்று வந்த பிள்ளைகள். போசி போகிற வருகிற வீட்டில் வளர்ந்தவர்கள். வருடக்கணக்காக மற்ற ஆசிரியர்கள் படம் போட்டு மல்லுக்கட்டிய பாடம் ஒரு மணி அடிப்பதற்குள் மண்டையில் ஏறிவிட்டது. அங்கே அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஆனா வெறும் போசியா குடுக்கலாமா?"

"கூடாதுங்க சார்."

"அப்ப நம்ம நிரலும் வாங்கின இடத்துல ஒண்ணை வெச்சுத்தான் திருப்பிக் குடுக்கோணும்."

இரண்டாவது பெஞ்சில் பூஜிதா எழுந்தாள். காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் ஆலை வைத்திருக்கும் வீட்டுப் பெண், சந்தேகம் வந்தால் உட்காரவே மாட்டாள். "வெக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீன்னா என்னுங்க சார் பண்றது?"

"கெடைக்கற வரைக்கும் நம்மகிட்டயே வெச்சிருக்கோணும் அம்மணி. மரியாதைன்னு ஒண்ணு இருக்குதல்ல?"

பூஜிதா உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் வேறு யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லார் வீட்டு வழக்கமும் அதுதானே, எதை மறுப்பது?

அந்த வகுப்புக்கான புராஜெக்ட், கல்லூரி கேண்டீனுக்கு ஒரு டோக்கன் பலகை. கேண்டீன் நடத்துபவர் காளிச்சாமி, மீசையும் சிரிப்புமாக எந்நேரமும் கல்லா அருகில் நிற்பவர். டோக்கன் வாங்கியவுடன் நிரல் அலமாரியிலிருந்து ஒரு இடத்தை எடுத்து, அதில் எண்ணையும் என்ன சாப்பாடு என்பதையும் குறித்துக்கொள்ளும். தட்டு தயாரானதும் திரையில் எண் வரும். அலமாரி என்பது நினைவகத்தில் அவர்களே வளைத்துப் போட்ட ஒரு சின்னப் பகுதி. இடம் எக்கச்சக்கமாக இருந்தால் பிள்ளைகளுக்குக் கவனம் வராது என்று பாடத்திட்டமே அப்படி வைத்திருந்தது. எல்லாம் சரிதான். இடத்தைத் திருப்பும்போது அதில் எதை வைத்துத் திருப்புவது என்ற கேள்வி வந்தது. பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாப்பிட்டவர் கைகழுவிவிட்டு வந்து, ருசி எப்படி என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை அழுத்த வேண்டும். அந்த எண்ணை வாங்கி இடத்தில் வைத்து, பிறகு இடத்தைத் திருப்ப வேண்டும். ஞானாபரணத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் பிரியாணி. பலகை அழகாக ஓடியது. காளிச்சாமி எல்லாருக்கும் ஒரு கரண்டி கூடப் போட்டார்.

சில நாள் கழித்து, சாப்பாட்டுக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது பலகை அப்படியே நின்றுவிட்டது. 'இடம் இல்லை' என்று ஒரு வரி மட்டும் திரையில் இருந்தது. அணைத்துப் போட்டால், யார் என்ன கேட்டார்கள் என்பது சுத்தமாக மறந்துபோய், ஒரு ஆம்லெட்டுக்கு மூன்று பேர் சண்டை பிடித்தார்கள். மறுநாள் ஓடியது. அதற்கடுத்து மறுபடி நின்றது. "கம்ப்யூட்டரு மயக்கம் போட்டிருச்சுங்க சார்" என்று காளிச்சாமி ஆளனுப்புவார். ஞானாபரணம் பிள்ளைகளோடு ஓடுவார்.

வரி வரியாகப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு நாள் பூஜிதா வந்து சொன்னாள்: "சார், பிரியாணி அன்னைக்கு ஒரு நாளும் நின்னதில்லீங்க. கத்திரிக்காய் சாம்பார் அன்னைக்குத்தானுங்க நிக்குது."

நிரலுக்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று ஹாரிகாவின் துறையில் ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். ஞானாபரணம் சிரிக்கவில்லை, ஈரம் என்றால் என்ன என்று தெரிந்தவர். சாம்பார் அண்டாவின் ஆவி கணினிக்குள் போகிறது என்று முடிவு கட்டி, அதைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தார், மேலே ஒரு மின்விசிறி மாட்டச் சொன்னார். அடுத்த சாம்பார் நாளில், நல்ல காற்றோட்டத்தோடு, பலகை நின்றது.

குழு வரும் தேதியை அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமை மதியம், கேண்டீனிலேயே நேரில் பார்ப்பார்கள். செவ்வாய் என்றால் கத்திரிக்காய் சாம்பார். ஞானாபரணத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஹாரிகாவிடம் போய், புதன்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். ஹாரிகா அவரை ஏதோ சொல்ல வருகிற மாதிரி பார்த்தார். பிறகு, "மேனேஜ்மென்ட் வெச்ச தேதிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தும், அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டுக்கு வெளியே பொற்கொடி நிற்பதை விமலாராணிதான் பார்த்தார்.

"வாங்க அம்மணி, உள்ள வாங்க."

பொற்கொடி உள்ளே வந்தார். வெயில் அதிகம் என்றார். சர்ச்சில் கூட்டமா என்று கேட்டார். ரெபேக்காவின் பரீட்சை எப்படி என்று கேட்டார். தண்ணீர் வண்டி வந்ததா என்றார். கேட்க வந்தது வேறு என்பது முகத்தில் எழுதியிருந்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்கு என்ற தம்பிக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க வாராங்க. பருப்பு ஊத்தி வெக்க ஊட்டுல ஒரு போசி இல்லீங்க. எல்லாம் உங்க ஊட்டுலதான் இருக்குதுங்க. நேத்து ரசத்தையே பெயிண்ட் டப்பா கழுவி ஊத்தி வெச்சேன்."

விமலாராணி கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை அவர் நேரில் சந்திக்கவில்லை.

"இல்லீங்க பொற்கொடி" என்றார் ஞானாபரணம், தடுமாறிக்கொண்டு. "வெறும் போசியா குடுக்கக் கூடாதுன்னுதானுங்க... நீங்க அவ்வளவு செஞ்சு குடுக்கறீங்க, ஈடா ஒண்ணு வெச்சுக் குடுக்கலாமுன்னு..."

"அட, போசிக்குள்ள என்ன இருந்தா எனக்கென்னுங்க?" என்றார் பொற்கொடி. பல மாதமாக வாய்க்குள் வைத்திருந்தது வந்துவிட்டது. "போசி திரும்பி வந்தாத்தானுங்களே மறுக்காக் குடுத்து உட முடியும்? கச்சாயம் சுட்டு உங்களுக்குக் குடுக்கலாமுன்னு போன மாசமே நெனச்சேன், வெக்கறதுக்கு ஒண்ணுமில்லாம உட்டுப்போட்டேன்."

ஞானாபரணம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பொற்கொடி சொன்னது அவர் காதில் விழுந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது கேண்டீன். ருசிக்கு எண் அழுத்துகிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே காளிச்சாமி மீசையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். பிரியாணி தின்றவர்கள் வந்து ஐந்தை அழுத்திவிட்டுப் போகிறார்கள். தண்ணீர்ச் சாம்பார் தின்றவர்கள் என்ன செய்வார்கள்? சாப்பாடு போட்ட மனிதரின் முகத்துக்கு நேராக ஒன்றை அழுத்துவார்களா நம் ஊர்ப் பிள்ளைகள்? பொய்யாக ஐந்தை அழுத்தவும் மனம் வராது. கையைத் துடைத்துக்கொண்டு, "வாரேனுங்ணா" என்று நழுவிவிடுவார்கள். எண் வராததால் நிரல் இடத்தைத் திருப்பாமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கும். அடுத்த டோக்கனுக்கு இன்னொரு இடம், அதற்கடுத்ததற்கு இன்னொன்று. அவருடைய மரியாதையும் பிள்ளைகளுடைய மரியாதையும் சேர்ந்து அலமாரியை அடைத்துவிட்டன.

"ராணி" என்றார். "அந்த அலமாரியைத் தொற."

அன்று மதியம் அவரே எல்லாப் பாத்திரத்தையும் இறக்கி, பெயர் பார்த்துப் பிரித்து, வீடு வீடாகக் கொண்டுபோனார். பொற்கொடியுடையவற்றை மட்டும் இரண்டு நடை கொண்டுபோக வேண்டியிருந்தது. கையில் வெறும் போசிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட, பட்டப்பகலில் சாலையைக் கடப்பது அவருக்கு எளிதாக இல்லை. காது மடல் சுட்டது. அம்மா பார்த்திருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பார் என்று நினைத்தார். பொற்கொடியோ வாசலிலேயே அவற்றை வாங்கி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று கூடப் பார்க்காமல், முகமெல்லாம் மலர உள்ளே கொண்டுபோனார். ஒரு வெறும் பாத்திரம் ஒருவரை இவ்வளவு சந்தோஷப்படுத்தும் என்று ஞானாபரணம் அதுவரை அறிந்ததில்லை. மேல்தட்டுப் போசி மட்டும் போக இடமில்லாமல் அங்கேயே இருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் அவர் சுற்றி வளைக்கவில்லை.

"நான் சொல்லிக் குடுத்ததுல பாதி தப்புங்க கண்ணுகளா. திருப்பிக் குடுக்கோணும், அது சரி. நெறைச்சுக் குடுக்கோணுமுன்னு சொன்னேன் பாருங்க, அதுதான் நம்ம பலகையைக் கொன்னுபோட்டுது." பொற்கொடி கதையைச் சொன்னார். பெயிண்ட் டப்பா ரசத்துக்கு வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். பூஜிதா எழுந்து, "அப்ப எப்பங்க சார் திருப்பறது?" என்று கேட்டாள்.

"தட்டு கைக்குப் போன அந்த நிமிசமே. கழுவினாங்களா, ருசிச்சாங்களான்னு பாக்க வேண்டாம். ருசி சொல்றவங்க சொல்லட்டும், அதை வேற பக்கம் எழுதிக்குங்க. இடத்தை மட்டும் பிடிச்சு வெக்காதீங்க."

மாற்றியது சில வரிகள்தான். அதற்கு அன்று மாலை வரை பிள்ளைகள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

செவ்வாய் மதியம் முதல்வர், ஹாரிகா, வெளிக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் என்று மூவரும் கேண்டீனுக்கு வந்தார்கள். காளிச்சாமி அவர்களுக்கென்று சாம்பாரில் எதுவும் மாற்றியிருக்கவில்லை. கூட்டம் ஏறியது. எண்கள் திரையில் வந்தன, போயின. வழக்கமாக மயக்கம் போடும் நேரம் வந்தபோது ஞானாபரணம் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் செய்தார். கண்ணைத் திறந்தபோதும் எண்கள் வந்துகொண்டிருந்தன. கடைசித் தட்டு போய், காளிச்சாமி அண்டாவைக் கவிழ்க்கும் வரை பலகை நிற்கவில்லை. வெளிப் பேராசிரியர் சாம்பாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்தாமல் நழுவினார். அதனாலும் நிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல்வர் வந்து தோளைத் தட்டினார். "அடுத்த வருசமும் இந்தப் பேப்பர் உங்களுக்குத்தானுங்க" என்றார். இந்த முறை காபி எதுவும் வரவழைக்கவில்லை, அதிலேயே ஞானாபரணத்துக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு ஹாரிகா பின்தங்கி நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்தத் தப்பை நான் ஆரம்பத்துலயே பாத்துப்போட்டேனுங்க. நீங்க பெரியவங்க, புதுசா வந்து இவ்வளவு கஷ்டப்பட்டு எடுக்கறீங்க. உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உட்டுட்டேன். இந்த வாரமெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லீங்க."

ஞானாபரணத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வேலையே போயிருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பாசம்தான் வந்தது. அவளும் ஒன்றாம் எண்ணை அழுத்த முடியாமல் கையைத் துடைத்துக்கொண்டு போனவள்தானே.

"இனிமே சொல்லிப்போடுங்க அம்மணி" என்றார். "வெறும் போசியா இருந்தாலும் பரவாயில்லைங்க, உடனே குடுத்துருங்க." ஹாரிகாவுக்கு அந்தப் போசி எது என்று விளங்க, அவர் முழுக் கதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிறு விமலாராணி கோழிக் குழம்பு வைத்தார். பொற்கொடிக்குக் கொடுத்தனுப்ப எதில் ஊற்றுவது என்று பார்த்தால், அலமாரியில் பாத்திரமே இல்லை. இத்தனை வருடமாக ஊரார் பாத்திரம் நிறைந்திருந்ததில், கொடுத்துவிட என்று சொந்தமாக ஒன்று வாங்கத் தோன்றவே இல்லை. ஞானாபரணம் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து அந்தத் தூக்குப்போசியை இறக்கினார். விமலாராணி அதை வாங்கிப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீர் விட்டு அலசி, குழம்பை ஊற்றி மூடினார்.

ஞானாபரணமே எடுத்துப் போனார். "போசியை வெறும் போசியாவே குடுத்து உடுங்க. உள்ள ஒண்ணும் வெச்சுப்போடாதீங்க" என்று பொற்கொடியிடம் இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் காலை, அவர் கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்துக்குப் பொற்கொடி போசியோடு வந்தார். "ரெண்டு வாழக்காயாச்சும் போட்டுக் குடுக்கலாமுன்னு கை துறுதுறுன்னுதுங்க. நீங்க சொன்னீங்கன்னு உட்டுப்போட்டேன்" என்று நீட்டினார்.

ஞானாபரணம் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே கழுவிய ஈரம் மட்டும் இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் அது பத்மாவதி டீச்சருடைய போசியாக, போக வழி தெரியாமல் வீட்டில் காத்திருந்தது. இப்போதுதான் ஒருவர் அதை, இது உங்களுடையது என்று அவர் கையில் திருப்பிக் கொடுக்கிறார். அவர் கண் கலங்கிவிட்டது. அதைப் பொற்கொடியிடமிருந்து மறைக்கவும் அவர் முயலவில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"என்னுங்க, உள்ள ஏதாச்சும் ஒட்டிட்டு இருக்குதுங்களா?" என்று பொற்கொடி பதறினார்.

"இல்லீங்க. சுத்தமா இருக்குதுங்க."

உள்ளே வந்து போசியை மனைவியிடம் கொடுத்தார். விமலாராணி அதை மேல்தட்டில் வைக்கவில்லை. அடுப்பருகே இருந்த தயிர்ச்சோற்றை அதில் அள்ளி வைத்து, ஓரத்தில் ஒரு நாரத்தங்காய் ஊறுகாயும் வைத்து மூடினார். ஞானாபரணம் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.